வார்ட்டா சிபி1254: ஒரு பட்டன் செல்லும் அதன்மேல் ஏறிய பங்கு விலையும்

வயர்லெஸ் இயர்பட்ஸைப் பழுதுபார்ப்பவர்களுக்கு இந்தச் செல் நன்றாகத் தெரியும். விட்டம் 12.1 மில்லிமீட்டர், உயரம் 5.4 மில்லிமீட்டர், எடை சுமார் 1.6 கிராம். அளவு பெயரிலேயே இருக்கிறது: முதல் இரண்டு இலக்கங்கள் மில்லிமீட்டரில் விட்டம், அடுத்த இரண்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் உயரம். ஜெர்மனியின் எல்வாங்கன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வார்ட்டா, காயின்பவர் என்ற பெயரில் விற்கும் ரீசார்ஜ் செல் வரிசையில் இது ஒன்று. சாம்சங்கின் முதல் கேலக்ஸி பட்ஸில் இதே 1254 இருந்தது. 2019இல் வந்த ஆப்பிளின் முதல் ஏர்பாட்ஸ் புரோவைப் பிரித்தபோதும் உள்ளே வார்ட்டாவின் பட்டன் செல்தான் கிடைத்தது. பங்குச் சந்தைக் கதை சூடுபிடித்ததில் இப்படிப் பிரித்துப் பார்த்ததற்கும் பங்கு உண்டு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். செல் அருமையான தயாரிப்பு. அந்தச் செல்லின் தரத்தை வைத்துப் பங்கின் விலையை எடைபோட்டதுதான் தவறு. எங்கே தவறு என்பது செல்லின் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும், அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

பழைய பாணி பட்டன் செல்லில் மின்முனைப் பொருளை வில்லையாக அழுத்தி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கிண்ணத்தின் விளிம்பை உள்பக்கமாக மடித்து நசுக்கி மூடுவார்கள். வில்லையின் பரப்பு குறைவு, அதனால் உள்தடை அதிகம், வேகமாகச் சார்ஜ் ஏற்ற முடியாது. காயின்பவர் செல்லில் மெல்லிய தாமிரத் தகட்டிலும் அலுமினியத் தகட்டிலும் பொருளைப் பூசி, நடுவில் பிரிப்பான் படலம் வைத்து, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். இதில் இரண்டு லாபம். பரப்பு பல மடங்கு கூடுகிறது. சார்ஜ் ஏறும்போது மின்முனை வீங்கினால் அந்த அழுத்தம் பக்கச் சுவர்மீது விழுகிறது. வட்டமான எஃகுச் சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும், தட்டையான மேல்மூடி பிதுங்காது.

மேல்மூடியில் அழுத்தம் குறைவு என்பதால் விளிம்பை மடிக்கவே வேண்டாம். ஒரு கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்துச் செருகி, இடையில் கசிவை அடைக்கும் வளையமாக ஒரு பிளாஸ்டிக் கேஸ்கெட்டை வைத்துவிட்டால் உராய்வின் பிடியிலேயே நின்றுவிடுகிறது. மடிப்புக்குப் போயிருக்க வேண்டிய உயரம் சுருளுக்குக் கிடைக்கிறது. வார்ட்டாவின் காப்புரிமைகளின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான். 2020இல் சாம்சங் உள்ளிட்ட பலர்மீது அமெரிக்காவின் டெக்சஸ் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதும் இந்தக் காப்புரிமைகளை வைத்துத்தான்.

ஐந்தரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயரத்தில் ஒரு மடிப்புக்கு இவ்வளவு சண்டை ஏன் என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் மேலும் கீழும் வெறும் 0.2 மில்லிமீட்டர் உலோகம் என்று வைத்துக்கொண்டாலே, செல்லின் கன அளவில் சுமார் 13 விழுக்காடு போய்விடுகிறது. உண்மையில் இரண்டு கிண்ணங்களும் ஒன்றையொன்று தழுவும் இடத்தில் சுவர் இரட்டிப்பு, கேஸ்கெட் வேறு. இந்தச் செல்லின் ஏ3 என்ற வகையின் கொள்ளளவான 60 மில்லி ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 0.222 வாட்-மணி. கன அளவு 0.62 கன சென்டிமீட்டர். லிட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 357 வாட்-மணி. நல்ல கைப்பேசியின் பை வடிவ செல் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தரும். இரண்டு பக்கமும் வேதியியல் ஏறத்தாழ ஒன்றுதான், வித்தியாசம் உறையில் இருக்கிறது. செல் சிறுக்கச் சிறுக்க உறை தின்னும் பங்கு கூடிக்கொண்டே போகும். அதனால் இந்த அளவில் பத்தில் ஒரு மில்லிமீட்டரை மிச்சப்படுத்துகிறவர் வெல்வார். வார்ட்டா சில ஆண்டுகள் வென்றது.

பயன்பாட்டில் எப்படி? 60 மில்லி ஆம்பியர்-மணி செல்லிலிருந்து ஐந்து மணி நேரம் பாட்டு கேட்க வேண்டுமானால் சராசரி மின்னோட்டம் 12 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். புதுச் செல் இதை அலட்டிக்கொள்ளாமல் தரும். சார்ஜ் பெட்டியில் வைத்தெடுக்கும் கால் மணி நேரத்தில் ஓரளவு சார்ஜ் ஏறிவிடுவதற்கும் சுருள் அமைப்பின் குறைந்த உள்தடைதான் காரணம்.

குறைகள் பெரும்பாலும் பயன்படும் விதத்திலிருந்து வருகின்றன. இயர்பட்ஸ் நாள் முழுக்கப் பெட்டிக்குள், முழுச் சார்ஜில் கிடக்கின்றன. 4.2 வோல்ட்டில் நிற்கும் லித்தியம்-அயன் செல் சும்மா இருந்தாலும் முதுமையடையும், வெயிலில் நிற்கும் காருக்குள் இன்னும் வேகமாக. அடுத்து, பல மாடல்களில் ஒரு பக்கம் மட்டும் தொலைபேசியோடு பேசி மற்றதற்குக் கடத்தும். அந்தப் பக்கத்துச் செல் முதலில் தேய்கிறது. திரையில் 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்தால், கொள்ளளவு குறைந்ததைவிட உள்தடை கூடியிருக்க வாய்ப்பு அதிகம். ஒலி உயரும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து பாதுகாப்புச் சுற்று இணைப்பை வெட்டிவிடுகிறது. மூன்றாவது, மாதக்கணக்கில் தொடாமல் வைப்பது. 2 வோல்ட்டுக்கும் கீழே வெகுநாள் கிடந்தால் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். அப்படிப்பட்ட செல்லுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றினால் கரைந்த தாமிரம் உள்ளே படிந்து ஷார்ட் ஆகலாம். ஓய்வில் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் செல்லை உயிர்ப்பிக்க முயலாமல் மாற்றிவிடுங்கள்.

மாற்றுவது எப்படி என்பதிலும் கவனம் வேண்டும். மூடியின் பசையை 70 அல்லது 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளக்கி, பிளாஸ்டிக் நெம்புகோலால் திறக்க வேண்டும். இரும்புக் கத்தி இரண்டு கிண்ணங்களையும் ஒரே நேரத்தில் தொட்டால் அங்கேயே ஷார்ட். செல் தன் தாங்கியில் வெறுமனே உட்கார்ந்திருந்தால் வேலை சுலபம். இணைப்பு உலோகப் பட்டை செல்லோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தால், பட்டையோடு வரும் மாற்றுச் செல்லையே வாங்க வேண்டும். சால்டரிங் முனையைச் செல்லின் உறையில் நேரடியாக வைக்கவே கூடாது. முனையின் வெப்பம் 300 டிகிரிக்கு மேல், உள்ளே இருக்கும் பிரிப்பான் படலமோ 130 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கும். கேஸ்கெட்டும் தளர்ந்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் கசியும். எந்தக் கிண்ணம் நேர்மின் முனை என்பதைக் கண்ணால் ஊகிக்காமல் மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுச் செல் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, வெர்னியர் அளவுகோலில் 12.1, 5.4 மில்லிமீட்டர் வருகிறதா. இரண்டு, கொள்ளளவு. இந்த அளவில் சுமார் 75 மில்லி ஆம்பியர்-மணி வரை நம்பலாம். 100 என்று அச்சிட்டிருந்தால் அது விற்பவரின் ஆசை. மூன்று, சார்ஜ் மின்னழுத்தம். உறையில் 3.7 வோல்ட் என்றிருந்தால் பொதுவாக 4.2 வரை ஏற்றலாம். 3.85 என்றிருந்தால் அதைவிட அதிகமாக ஏற்றுவதற்கென்று வடிவமைத்தது. 3.85 செல்லை 4.2 சார்ஜரில் போட்டால் கொள்ளளவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 3.7 செல்லை 3.85க்கான சார்ஜரில் போட்டால் ஆபத்து: மின்முனைமேல் லித்தியம் உலோகமாகப் படிந்து, வாயு சேர்ந்து, செல் உப்பும். சந்தேகமிருந்தால் முழுச் சார்ஜ் ஏற்றிய செல்லை 300 ஓம் ரெசிஸ்டர் வழியே இறக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 12 மில்லி ஆம்பியர் ஓடும். 3.0 வோல்ட்டைத் தொட ஐந்து மணி நேரம் ஆனால் 60 உண்மை. இரண்டரை மணியில் தொட்டுவிட்டால் பாதிதான் இருக்கிறது. 3.0 வந்ததும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

மாற்றுச் செல் கிடைக்கிறது என்பதை நின்று கவனிக்க வேண்டும். 1254 அளவில் சீனாவின் ஸெனிபவரும் செல் செய்கிறது. வார்ட்டா செல் இருந்த தாங்கியில் அது அப்படியே போய் உட்காரும். பழுதுபார்ப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பங்குதாரருக்கோ இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. ஆனாலும் சந்தை இதை நெடுநாள் கண்டுகொள்ளவில்லை.

வார்ட்டா பங்கு 2017 அக்டோபரில் 17.50 யூரோவுக்குப் பட்டியலிடப்பட்டது. 2021 ஜனவரி இறுதியில், விலை குறையும் என்று பந்தயம் கட்டியவர்கள் பதறிப்போய்த் திரும்ப வாங்கிய அந்தச் சில நாட்களில், 180 யூரோ வரை போனது. இடைப்பட்ட காலத்தில் ஓடிய வாதம் எளியது. புகழ்பெற்ற இயர்பட்ஸைப் பிரித்தால் இந்தச் செல் இருக்கிறது. இயர்பட்ஸ் விற்பனை ஆண்டுக்காண்டு பெருகுகிறது. இதை வேறு யாராலும் இந்தத் தரத்தில் செய்ய முடியாது. ஆகவே ஒரு ஜோடிக்கு இரண்டு செல் என்று பெருக்கிக்கொண்டே போகலாம்.

பெருக்கலிலேயே ஓட்டைகள் இருந்தன. ஜோடிக்கு இரண்டு சரி, பெட்டிக்குள் இருப்பதோ வேறு வடிவச் செல், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. நிறுவனம் ஆண்டுக்கு 20 கோடி செல் என்ற அளவை நோக்கி ஆலையை விரித்தது. இரண்டால் வகுத்தால் 10 கோடி ஜோடி இயர்பட்ஸ். விலை உயர்ந்த மாடல்கள் மட்டும் வாங்கும் ஒரு செல்லுக்கு, ஒவ்வோர் ஆண்டும், இடைவிடாமல், 10 கோடி ஜோடிக்கான தேவை இருந்தாக வேண்டும். அந்த எண்ணை எழுதிப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

வருவாய் வளர்ச்சியும் தவறாகப் படிக்கப்பட்டது. 2019இல் சுமார் 36 கோடி யூரோ, 2020இல் சுமார் 87 கோடி. இரண்டரை மடங்குக்கு அருகில் வருகிறது, உண்மைதான். ஆனால் 2020 ஜனவரியில்தான் வீட்டு உபயோக பேட்டரிப் பிரிவை எனர்ஜைசரிடமிருந்து 18 கோடி யூரோ மதிப்பில் வாங்கிச் சேர்த்தார்கள். கூடிய வருவாயில் பெரும்பங்கு ரிமோட்டுக்கும் டார்ச்சுக்கும் போடும் சாதாரண பேட்டரிகளுடையது. பிரிவுவாரிக் கணக்கைத் திறந்தாலே தெரியும், அதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம்.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. சுருட்டும் எந்திரம், கிண்ண அச்சு, வெல்டிங் தாங்கி எல்லாம் ஒரு குறிப்பிட்ட விட்டத்துக்கென்றே செய்யப்படுகின்றன. பூச்சுப் பகுதி பொதுவாக இருக்கலாம், அதற்குப் பிறகு வருவதெல்லாம் அளவுக்குக் கட்டுப்பட்டவை. எந்திரத்தின் ஆண்டுச் செலவு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 செல் ஓடினால் ஒன்றுக்கு 1 ரூபாய், 50 ஓடினால் 2 ரூபாய். ஆர்டர் பாதியானால் லாபம் பாதியாவதில்லை, நட்டத்துக்கே போய்விடும். செல்லின் தரத்தில் ஒரு குறையும் வராமலேயே இது நடக்கும். வாங்கும் பெரிய நிறுவனங்கள் இரண்டாவது சப்ளையரைத் தயார் செய்துகொள்வது வழக்கம். முதல் சப்ளையர் திறமையாகச் செய்யும் பொருளுக்குத்தான் இரண்டாமவரைத் தேடுவதும் மும்முரமாக நடக்கும். வாங்குபவர் வடிவத்தையே மாற்றிவிடவும் கூடும்: ஆப்பிளின் சாதாரண ஏர்பாட்ஸில் முதல் தலைமுறையிலேயே பட்டன் செல் கிடையாது, தண்டுக்குள் குச்சி வடிவச் செல்தான்.

பிறகு நடந்தது பதிவில் இருக்கிறது. 2022 செப்டம்பர் இறுதியில் அந்த ஆண்டுக்கான கணிப்பை நிறுவனம் திரும்பப் பெற்றது. மின்கட்டணமும் மூலப்பொருள் விலையும் ஏறியிருந்த நேரத்தில் பெரிய வாடிக்கையாளர்களின் ஆர்டரும் தள்ளிப்போனது. அந்த ஆண்டு வருவாய் சுமார் 81 கோடி யூரோ, நிகர நட்டம் சுமார் 20 கோடி. 2024 பிப்ரவரியில் இணையத் தாக்குதலால் ஐந்து ஆலைகள் நின்றன. ஜூலையில், ஸ்டாருக் என்ற ஜெர்மன் மறுசீரமைப்புச் சட்டத்தின்கீழ் போவதாக அறிவிப்பு வந்தது. பங்கு மூலதனத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு, பெரும்பான்மை உரிமையாளர் தரப்பும் கார் நிறுவனமான போர்ஷேயும் புதுப்பணம் போடும் திட்டம் அது. 180 யூரோவுக்கு வாங்கியவருக்கும் 17.50க்கு வாங்கி வைத்திருந்தவருக்கும் இழப்பீடு ஒன்றுமில்லை. கடன் நிறைந்த உற்பத்தி நிறுவனத்தில் பங்குதாரர் கடைசி வரிசையில் நிற்பவர் என்பதைச் சிறு முதலீட்டாளர்கள் மிகக் கடுமையாக உணர்ந்த நாட்கள் அவை. நல்ல பொருளை அடையாளம் கண்டு நம்பிக்கையோடு பணம் போட்டவர்கள் என்பதால் வருத்தம் இன்னும் அதிகம்.

கைச் சாதனங்களுக்குச் செல் செய்யும் அடுத்த நிறுவனத்தைப் பற்றி இன்றும் இதே மாதிரிப் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சிலிக்கான் மின்முனை, திண்ம எலக்ட்ரோலைட் என்று பெயர் மாறும், படிக்கும் முறை மாறாது. அறிவிப்புகளில் வரும் சொற்களுக்கு ஆலைக்குள் என்ன பொருள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

"மாதிரி அனுப்பினோம்" என்றால் சோதனை தொடங்கப் போகிறது, அவ்வளவுதான். 500 முறை ஏற்றி இறக்கிப் பார்க்க, ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம் வீதம் 1,500 மணி நேரம், அதாவது இரண்டு மாதத்துக்கு மேல். சூட்டில் வைத்துப் பார்க்கும் சோதனை, வீக்கம் அளப்பது, கீழே போட்டுப் பார்ப்பது தனி. ஒரு சோதனை தோற்றால் கலவையை மாற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜனவரியில் மாதிரி போனதை வைத்து மார்ச்சில் சப்ளை என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த வேலை தெரியாது.

"யூ.என். 38.3 தேர்ச்சி" என்பதைப் பெரிய வெற்றிபோல் வெளியிடுவார்கள். உயரம், வெப்பம், அதிர்வு, மோதல், வெளி ஷார்ட், நசுக்கல், அதிக சார்ஜ், கட்டாய இறக்கம் என்ற எட்டுச் சோதனைகள் கொண்ட இது, செல்லை விமானத்திலும் கப்பலிலும் ஏற்ற அடிப்படைத் தகுதி. இதில்லாமல் செல்லை வழக்கமான முறையில் வணிகத்துக்கு அனுப்ப முடியாது. தேர்ச்சி பெற்றதால் ஆர்டர் வந்துவிட்டது என்று பொருளாகாது.

லிட்டருக்கு இத்தனை வாட்-மணி என்ற எண்ணைப் பார்த்தால் உடனே இரண்டு கேள்வி: உறையோடு சேர்த்தா, சேர்க்காமலா? முதல் சார்ஜிலா, 500 சுற்றுக்குப் பிறகா? உறையின் பங்கு எவ்வளவு என்பதை 1254லேயே பார்த்தோம். வீங்கும் மின்முனை என்றால், வீக்கத்துக்கு விட வேண்டிய இடத்தையும் கன அளவில் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்றும் கேட்க வேண்டும்.

"பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் சப்ளை" என்ற வதந்தி வந்தால் சாதனத்தைப் பிரித்த படத்தைத் தேடுவதோடு நிற்காதீர்கள். அந்தப் படம் ஒரு மாடலில், ஒரு தொகுப்பில், ஒரு சப்ளையர் இருந்ததை மட்டும் காட்டும். அடுத்த தொகுப்பில் வேறொருவர் செல் இருக்கலாம். சர்வதேசக் கணக்கியல் நெறியான ஐ.எஃப்.ஆர்.எஸ். 8, மொத்த வருவாயில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர் இருந்தால் அதை வெளியிடச் சொல்கிறது. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, தொகையைச் சொல்ல வேண்டும். ஆண்டறிக்கையின் பிரிவுவாரிக் குறிப்புக்குள் அது ஓரிரு வரியாகக் கிடக்கும். ஒரே வாடிக்கையாளர் கால் பங்கு வருவாயைத் தருகிறார் என்றால், நீங்கள் வாங்குவது அந்த ஒரு சாதனத்தின் அடுத்த தலைமுறை வடிவமைப்பைப் பற்றிய பந்தயம்.

அதன் பிறகு வாடிக்கையாளர் தந்த முன்பணத்தைப் பாருங்கள். ஆலை விரிவுக்கு வாங்குபவரே பணம் போட்டிருந்தால் அவருக்கும் அந்த எந்திரம் ஓட வேண்டிய அக்கறை உண்டு. முழுக்கக் கடனில் விரித்திருந்தால் ஆபத்து முழுவதும் செல் தயாரிப்பாளரின் தலையில். கடைசியாகச் சரக்கிருப்பு. விற்பனை தேங்கியிருக்க, சரக்கிருப்பு மட்டும் இரண்டு காலாண்டு தொடர்ந்து ஏறினால், செல்கள் கிடங்கில் கிடக்கின்றன என்று பொருள். லித்தியம்-அயன் செல் கிடங்கிலும் முதுமையடையும். ஓராண்டு கிடந்த செல்லைப் பெரிய சாதனத் தயாரிப்பாளர் புதியதென்று ஏற்றுக்கொள்ள மாட்டார்.